மெல்லப் பாடும் ராக் குழு, ஒரு வீவக வீடு, ஓர் ஆல்பம்

உரக்க வாசிக்காத ராக் குழுவுக்கு ஜாமிங் ஸ்டூடியோ ஒத்துவராது. எங்கள் ஆல்பத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே பதிவு செய்ததற்குப் பணமும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் இதுதான். சிங்கப்பூரில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் ஆம்ப்பை, அதாவது கிட்டாரின் ஒலிபெருக்கியை, நன்றாகத் திறந்துவிட்டு வாசிக்கும் குழுக்களுக்கு ஏற்றவை. கிட்டாரின் கடைசிச் சுரம் அடங்கி, ஒரு மூச்சு விட்டு, அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில் பக்கத்து அறையின் பேஸ் டிரம் சுவர் வழியாக உள்ளே வந்துவிடும். கூடவே வாடகை மணியும் ஓடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாடினால் யாருக்கும் தொண்டை இறுகும். சன்னமாகப் பாடுகிறவர்களுக்கு அது முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் நான்கு பேர். கிட்டாரும் பதிவு வேலையும் என்னுடையவை. பேஸ் கிட்டார் வாசிப்பவரை அண்ணன் என்போம், டிரம்ஸ் வாசிப்பவனைத் தம்பி என்போம், பாடுகிறவள் எங்கள் எல்லாருக்கும் தங்கச்சி. ரத்த உறவு கிடையாது, பழக்கத்தில் வந்த முறைகள். பாடல்கள் எல்லாம் தமிழ். தாளம் உண்டு, கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் உண்டு, ஆனால் எதுவும் குரலைத் தாண்டிப் போகாது. இந்த மாதிரி இசையை வீட்டில் பதிவு செய்ய ஆசைப்படும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் எங்களுக்குத் தெரியவந்ததை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆல்பத்தின் தலையெழுத்து அதில் இல்லை. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் டியாக் போர்ட்டா ஸ்டூடியோ 1979ல் வந்தபோதே படுக்கையறை ஸ்டூடியோவாகிவிட்டது. இன்று ஒரு லேப்டாப், மைக் ஒலியை லேப்டாப்புக்குள் கொண்டுபோகும், இரண்டு மைக் செருகக்கூடிய ஆடியோ இன்டர்ஃபேஸ், நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் ஒரு கண்டென்சர் மைக், கிட்டார் ஆம்ப்புக்கு ஒரு ஷூர் எஸ்எம்57 மைக், காதை முழுக்க மூடும் இரண்டு ஹெட்ஃபோன் இருந்தால் போதும். எங்களிடம் இருந்தவையும் இவைதான். கண்டென்சர் வாங்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். மைக்கே உண்டாக்கும் இரைச்சல் எவ்வளவு என்று அதன் விவரத்தாளில் டெசிபல் கணக்கில் போட்டிருப்பார்கள். 10க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 20ஐ நெருங்கினால், மெதுவாகப் பாடும் குரலுக்குப் பின்னால் அந்த 'ஸ்ஸ்ஸ்' கேட்கத்தான் செய்யும். உரக்க வாசிக்கும் குழு இந்த எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. நமக்கு அதுதான் முதலில் பார்க்க வேண்டிய எண். கருவிகள் பற்றி இவ்வளவு போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பாட்டில் எது மிகச் சன்னமோ அதை முதலில் பதியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அடங்கி வரட்டும்.

வழக்கமான வரிசை நேர் எதிர். முதலில் டிரம்ஸ், அப்புறம் பேஸ், கிட்டார், கடைசியில் குரல். சத்தமான ராக் இசைக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே எல்லாரும் டிரம்ஸ் மீது ஏறி நிற்கிறார்கள். ஆனால் டிரம்மர் தனியாக உட்கார்ந்து, வேகம் மாறாமலிருக்க ஹெட்ஃபோனில் ஓடும் கிளிக் சத்தத்துக்கு வாசிக்கும்போது அவர் கை தனக்கு இயல்பான பலத்தில்தான் விழும். அதைக் கேட்டு வாசிக்கும் பேஸ் கொஞ்சம் அழுத்தும், அதைக் கேட்டு கிட்டார் இன்னும் கொஞ்சம். எல்லாம் முடிந்து பாடகி வரும்போது அவள் நிற்க இடமிருக்காது. குரலை உயர்த்தியே ஆக வேண்டும். மெல்லிய பாட்டு அங்கேயே போய்விட்டது. அதன் பிறகு மிக்ஸிங்கில், அதாவது தடங்களை அளவு பார்த்துக் கலக்கும்போது, டிரம்ஸைக் குறைத்தாலும், பலமாக அடித்த அடியைத் தூரத்தில் வைத்தது போலத்தான் கேட்கும். அடியின் தன்மை ஒலியில் இருக்கிறது, அளவைக் குறைப்பதால் அது மாறாது.

ஆகவே நாங்கள் தங்கச்சியையும் கிட்டாரையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், கிளிக் இல்லாமல் பதிந்தோம். அடுத்து பேஸ். டிரம்ஸ் கடைசி. தம்பி ஹெட்ஃபோனில் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு வாசித்தான். ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அவள் சற்றுத் தாமதிப்பாள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். பதிவான தாமதத்தை மனப்பாடமாக்கிக்கொண்டு, அந்த இடம் வரும்போது தம்பி பிரஷ்ஷை (குச்சிக்குப் பதிலான மெல்லிய கம்பிக் கற்றை) டிரம் தோல் மேல் தொட்டும் தொடாமலும் பிடித்திருப்பான். அவள் முதல் எழுத்தை உச்சரித்த பிறகுதான் கை இறங்கும். கிளிக்குக்கு வாசித்திருந்தால் அந்த இடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

இதற்கு விலை உண்டு. வேகம் லேசாக ஏறி இறங்குவதால் ஒரு முறை பாடியதிலிருந்து ஒரு வரியை வெட்டி இன்னொன்றில் ஒட்ட முடியாது. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் நன்றாகப் பாடியாக வேண்டும். அதனால் பதிவுக்கு முன்னால் ஒத்திகை நிறைய தேவை. இன்னொன்று, பாட்டு தொடங்குமுன் கிட்டார் உடம்பில் விரலால் நான்கு தட்டு தட்டிப் பதிந்துவிடுங்கள். பின்னால் பேஸும் டிரம்ஸும் சேர்க்கும்போது எங்கே நுழைவது என்று அந்தத் தட்டுதான் சொல்லும். கடைசியில் அழித்துவிடலாம். கிளிக் இல்லாமலிருப்பதில் ஒரு தொழில்நுட்ப லாபமும் இருக்கிறது. மூடிய ஹெட்ஃபோனிலிருந்தும் கிளிக் கொஞ்சம் கசியும், சன்னமான குரலுக்குப் பக்கத்தில் அது மைக்கில் துல்லியமாக விழும்.

அடுத்தது வீட்டின் சத்தம். வீவக வீட்டில் எந்த நேரத்தில் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதி அறைக்கதவில் ஒட்டினோம். ஆல்பத்துக்கு அந்தத் தாள் செய்த உதவியை எந்த மைக்கும் செய்யவில்லை.

விடியலுக்கு முன் குயில். நம் பாட்டுகளில் எவ்வளவு இனிமையோ, மைக்கில் அவ்வளவு பிடிவாதம். மேலே மேலே ஏறிப்போகும் அந்தக் கூவல் குரலின் அலைவரிசைகளோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியில்லை. வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை புதுப்பிப்பு வேலை. சுவர் இடிப்பது, ஓடு வெட்டுவது போன்ற சத்தமான வேலைகளுக்கு வீவக அனுமதிக்கும் நேரம் அது. கான்கிரீட் வழியாக அந்தத் துளையிடும் சத்தம் பல மாடி தாண்டி வரும், எந்த வீட்டில் என்று கண்டுபிடிக்கக்கூட முடியாது. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் அந்த வேலைகளுக்கு அனுமதி இல்லை. எனவே புதுப்பிப்பு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்களா என்று லிஃப்ட் பக்கம் பார்த்துவிட்டு, நாட்காட்டியில் வார இறுதிகளை முதலில் குறித்துவைப்பது நல்லது. சாயங்காலம் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள். அது ஏழு ஏழரை வரை போகும்.

எங்கள் வீடு யீஷூனில், எம்ஆர்டி மேம்பாலத் தண்டவாளத்துக்குக் கூப்பிடு தூரத்தில். இரண்டு பக்கமும் ரயில் போய்வருவதால் நான்கு நிமிடப் பாட்டு ரயிலே இல்லாமல் முடிவது அபூர்வம். தண்டவாளத்துக்கு முதுகு காட்டும் படுக்கையறையைத் தேர்ந்தெடுத்தோம். பாதி தொல்லை அங்கேயே தீர்ந்தது. மீதி ரயில் சத்தம் பெரும்பாலும் அடித்தொனி உறுமல். குரல் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டால் பெரும்பகுதி போய்விடும், குரலுக்குச் சேதமில்லை. கிட்டாரில் அதே ஃபில்டரைக் கொஞ்சம் யோசித்துப் போடுங்கள். அடிக்கம்பியின் சுரம் 82 ஹெர்ட்ஸ், விளிம்பிலேயே இருக்கிறது.

புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம் நடந்தால் கொம்பாங் கைமுரசு ஒலிக்கும், சீன ஏழாம் மாதத்தில் கேத்தாய் பாட்டுக் கச்சேரிக்கு மேடை போடுவார்கள், சில நாட்களில் இறப்புச் சடங்குகள் இருக்கும். அந்த நாட்களில் மைக்கை எடுக்கவே வேண்டாம். துக்க வீடு கீழே இருக்கும்போது மேலே உட்கார்ந்து பாட்டுப் பதிவது முறையும் இல்லை.

வீட்டுக்குள் இருக்கும் சத்தங்கள் வேறு. சீலிங் ஃபேன், ஃபிரிட்ஜ், லேப்டாப்பின் விசிறி, சுவர்க்கடிகாரம். ஃபிரிட்ஜை அணைக்கும்போது காரின் சாவியோ வீட்டுச் சாவியோ எதையாவது ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். கிளம்பும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்பட்ட பிறகு ஸ்பீக்கரில் 'டிட் டிட் டிட்' என்று வரும் பழைய தொல்லை இங்கே இல்லை. ஆனால் மேசை மேல் போன் அதிர்ந்தால் மைக் விடாது.

ஒவ்வொரு நாள் பதிவு தொடங்கும்போதும் யாரும் அசையாமல் அரை நிமிடம் வெறும் அறையை மட்டும் பதியுங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பின்னால் பதிவிலிருந்து ஒரு மூச்சொலியை நீக்கினால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத வெறுமை விழும். சத்தமான இசையில் அது தெரியாது, சன்னமான இசையில் பள்ளம் போல் காது இடறும். அந்த இடத்தில் அறையின் ஒலியை வைத்து நிரப்பினால் சரியாகிவிடும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலும் அதையே மெல்ல ஓடவிட்டோம். ஆல்பம் முழுவதும் ஒரே வீட்டில் இருப்பது போன்ற உணர்வு அதிலிருந்துதான் வந்தது.

எல்லாரும் முதலில் கேட்பது பாம் ஷெல்டரைப் பற்றித்தான். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இரும்புக் கதவோடு ஒரு சின்ன அறை இருக்கிறதே, அதற்குள் போய்ப் பாடினால் என்ன? வெளிச்சத்தம் குறையும், உண்மை. ஆனால் உள்ளே நான்கு பக்கமும் வெறும் கான்கிரீட். சுவருக்கும் சுவருக்கும் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேலே இருந்தால், அந்த இடைவெளியில் 110 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி நின்று முழங்கும். ஆண் குரலின் அடித்தொனி இருக்கும் இடம் அதுதான். ஒரு சில சுரங்கள் மட்டும் பானைக்குள் பேசுவது போல உப்பிக்கொண்டு வரும். அதை, அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் முழுவதும் சரிசெய்ய முடியாது. போதாக்குறைக்கு உள்ளே புழுக்கம். சுவரில் துளை போட்டு எதையாவது மாட்டலாம் என்றால் அதற்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நாங்கள் அதை லேப்டாப் வைக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டோம். நீளமான கேபிள் ஒன்று போட்டால் விசிறிச் சத்தம் பாடும் அறைக்கே வராது.

பாடும் அறையில் துணி அலமாரியைத் திறந்து வைத்து, மெத்தையை நிமிர்த்தி நிறுத்தினோம். எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம். பலரும் மைக்குக்குப் பின்னால் வைக்கிறார்கள். கார்டியாய்டு வகை மைக் முன்பக்கம்தான் அதிகம் கேட்கும், அதன் முன்பக்கம் இருப்பது பாடகியும் அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரும். ஆகவே மெத்தை அவள் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். முட்டை அட்டை ஒட்டுவதில் பயனில்லை. அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது, உள்ளே எதிரொலியையும் சரியாக அடக்காது. கனமான போர்வையும் மெத்தையும் போதும்.

வெயிலும் ஈரமும் இங்கே பெரிய விஷயம். ஏர்கான் ஓடினால் மைக்கில் காற்றுச் சத்தம், ஓடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் வேர்த்து ஊற்றும். முன்கூட்டியே அறையை நன்றாகக் குளிரவிட்டு, பாடும்போது மட்டும் அணைத்து, இரண்டு முறை பாடியதும் மறுபடி போடுவது என்று பழகிக்கொண்டோம். இதில் கிட்டாரின் சுருதிதான் முதலில் ஆடும். அறை சூடேறும்போது எஃகுக் கம்பி நீண்டு சுருதி இறங்கும், ஈரம் ஏறினால் மரம் உப்பி இன்னொரு பக்கம் இழுக்கும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 சதவிகிதத்தையும் தாண்டும். அகூஸ்டிக் கிட்டார் கேட்பது 50க்குப் பக்கத்தில். எனவே கிட்டாரை இரவு முழுக்கப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பைகளோடு வைத்து, பதிவுக்குப் போதிய நேரம் முன்பே வெளியே எடுத்து, அறைக்குப் பழகவிட்டு, ஒவ்வொரு முறைக்கும் முன்னால் சுருதி பார்த்துவிடுங்கள். புதுக் கம்பியில் விரல் நகரும் கீச்சொலி அதிகம் கேட்கும். சில நாள் வாசித்துப் பழகிய கம்பிதான் மெல்லிய பாட்டுக்கு நல்லது.

குரலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மெல்லப் பாடுவதும் பலவீனமாகப் பாடுவதும் வேறு. தங்கச்சி சிறுவயதில் கர்நாடக இசை கற்றவள், மூச்சுப் பிடிப்பு உண்டு. அதனால்தான் அவளால் குரலைக் கிசுகிசுப்புக்கு அருகில் கொண்டுபோயும் சுரம் நழுவாமல் வைக்க முடிந்தது. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் வாய்க்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் திரை, மைக் வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் மேலே மூக்கை நோக்கி. கிட்ட வரவரக் குரலில் அடித்தொனி கூடும், அது கார்டியாய்டு மைக்கின் குணம். அவள் தரையில் ஒரு நாடா ஒட்டி, கால் விரலை அதில் வைத்துக்கொண்டு பாடினாள். தூரம் மாறாமலிருக்க அது ஒன்றே போதுமாக இருந்தது.

தமிழ் இந்த இசைக்கு எவ்வளவு வாகானது என்பதைப் பதிவின்போதுதான் முழுதாக உணர்ந்தேன். 'காற்று', 'கிணறு', 'நேற்று' என்று முடியும் சொற்களின் கடைசி உகரம் பேச்சில் பாதிதான் ஒலிக்கும். மேடையில் பாடும்போது அதை இழுத்து முழு உகரமாக்கிவிடுவோம், பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமே. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. குற்றியலுகரத்தைக் குற்றியலுகரமாகவே விடலாம். அப்படி விட்டபோது வரிகள் பாடப்படுவதிலிருந்து சொல்லப்படுவதை நோக்கி நகர்ந்தன, பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி பேசுகிற மாதிரி. கவனிக்க வேண்டிய இடங்களும் உண்டு. இரட்டித்த 'ப்ப' காற்றை மைக்கில் வீசும். வரியின் நடுவில் வரும் 'ச்ச' கண்டென்சரில் கூர்மையாகக் குத்தும். வரி எழுதும்போதே உச்சமான இடங்களில் இவற்றைத் தவிர்த்துவிட்டால், பிற்பாடு மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். நெடில் வரும் இடத்தில் நீண்ட சுரம், குறில் வரும் இடத்தில் குறுகிய சுரம் என்பதில் நாங்கள் கறாராக இருந்தோம். மெட்டுக்காகக் குறிலை இழுத்தால் சத்தமான பாட்டில் மறைந்துவிடும், இங்கே ஒவ்வொரு எழுத்தும் வெட்ட வெளியில் நிற்கிறது.

பதிவு அளவைப் பற்றி ஒரு வரி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி பதியுங்கள். சன்னமாக இருக்கிறதே என்று கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) தூக்க வேண்டியதில்லை. வீட்டு அறையின் இரைச்சல் இன்டர்ஃபேஸின் இரைச்சலைவிடப் பெரும்பாலும் அதிகம், கெயினைத் தூக்கினால் அதுவும் சேர்ந்துதான் ஏறும்.

எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சின்ன ஆம்ப், குறைந்த சத்தம், கூம்புக்குக் கிட்டத்தில் எஸ்எம்57. இவ்வளவு குறைவாக வாசிக்கும்போது கம்பி மீது பிக் படும் நேரடிச் சத்தமும் மைக்குக்குள் வரும். எங்களுக்கு அது பிடித்துப்போய் வைத்துக்கொண்டோம். பிடிக்காதவர்கள் ஆம்ப்பைப் பக்கத்து அறையில் வைக்கலாம். கிட்டாரில் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) இருந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ரீங்காரம் சட்டென்று விழுந்துவிடும். நாற்காலிக் கால்கள் இருக்கும் இடத்தை அங்கேயே குறித்துவிடுங்கள். விளக்கின் டிம்மரை அணைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும்.

பேஸ் நேராக இன்டர்ஃபேஸில். அண்ணனுக்கு ரிசர்விஸ்ட் அழைப்பு (தேசிய சேவை முடித்தவர்களுக்கு வரும் பயிற்சி அழைப்பு) வந்திருந்ததால் அவருடைய பகுதிகளை ஒரே வார இறுதியில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஆண்கள் இருக்கும் எந்தச் சிங்கப்பூர்க் குழுவும் ஆல்பத்துக்குத் திட்டமிடும்போது எல்லாருடைய ரிசர்விஸ்ட் தேதிகளையும் முதலில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

டிரம்ஸ்தான் அக்கம்பக்கத்தாரைத் தொடும் விஷயம். காற்றில் போகும் சத்தத்தைவிடத் தரை வழியாகப் போகும் அதிர்வுதான் கீழ்வீட்டைப் படுத்தும். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்கள் அதன் கால் பெடலை மறந்துவிடுகிறார்கள். நாங்கள் பேஸ் டிரம்மையே தவிர்த்தோம். தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம்மை மடித்த மெத்தை மேல் வைத்து, துணி சுற்றிய குச்சியால் தட்டினான் தம்பி. ஸ்னேர் என்ற சின்ன டிரம் மேல் பழைய வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டு, அதன் மேல் பிரஷ். நெசவுத் துணியின் மேல் கம்பி உரசும்போது மணலைக் கையால் அளைவது போன்ற ஒலி வந்தது. எந்தத் தோலும் தராத ஒலி. சலவை செய்து கஞ்சி போட்ட வேட்டி வேறு மாதிரி ஒலிக்கிறது, துவைத்துத் துவைத்து நைந்ததுதான் நன்றாக இருந்தது.

வாசிக்கத் தொடங்குமுன் மேல்வீட்டு மக்சிக்கிடமும் (மூத்த மலாய்ப் பெண்மணி) கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டியிடமும் நேரில் போய்ச் சொன்னோம். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன சத்தம் வரும் என்று. மக்சிக் மத்தியானம் பேரக்குழந்தை தூங்கும் நேரத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். ஆன்ட்டிக்கு நாங்கள் வாசித்து முடித்த பிறகும் ஒன்றும் கேட்கவில்லையாம், "எப்போது ஆரம்பிப்பீர்கள்?" என்றார். போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தால் அவர்களுக்கும் நிம்மதி. இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி நேரம் என்பது இங்கே நீண்டகால வழக்கம். அண்டைவீட்டுச் சத்தம் பற்றிய ஆலோசனைக் குழு 2022ல் அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. நாங்கள் அந்த நீண்ட நேரத்தையே எல்லையாக வைத்துக்கொண்டோம்.

மிக்ஸிங்கில் செய்தது குறைவு. குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஷன் லேசாக, 2க்கு 1 விகிதத்தில். அதற்கு மேல் போனால் சொற்களுக்கு நடுவில் அறை மேலெழுந்து வரும். எதிரொலிக்கு எங்கள் புளோக்கின் படிக்கட்டையே பயன்படுத்தினோம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு மத்தியான நேரத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று ஒரு பலூனை உடைத்து, ஒரு தளம் மேலே வைத்த மைக்கில் அந்த ஒலியைப் பதிந்தோம். கன்வல்யூஷன் ரிவர்ப் மென்பொருளில் அந்தப் பதிவைக் கொடுத்தால், குரல் அதே படிக்கட்டில் நின்று பாடியது போல் வரும். இலவச மென்பொருள்களே இதைச் செய்கின்றன. விலை கொடுத்து வாங்கும் தேவாலய எதிரொலிகளைவிட, தினமும் ஏறி இறங்கும் இடத்தின் ஒலி எங்கள் பாட்டுகளுக்குப் பொருந்தியது. ஒரே ஒரு முறைதான் உடைக்க வேண்டியிருக்கும் என்பதால் மைக் அளவை முன்கூட்டியே கைதட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த பாட்டுகளை எம்ஆர்டியில் இயர்ஃபோனில் கேட்டபோது பாதி வரிகள் ரயில் சத்தத்தில் காணாமல் போயின. இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். ரயிலிலும் கேட்க வேண்டும் என்று கம்ப்ரஷனை ஏற்றினால் வீட்டில் கேட்பவருக்கு எல்லாம் தட்டையாகிவிடும். நாங்கள் வீட்டில் கேட்பவருக்காகவே வைத்தோம், அதில் எங்களுக்குள் இரண்டாவது பேச்சே இருக்கவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சரிசெய்தலான மாஸ்டரிங்கிலும் அப்படித்தான். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதன் அலகு) அளவை வைத்துக்கொண்டு, அதைவிடச் சத்தமான பாட்டுகளைத் தானாகவே குறைத்துவிடுகின்றன. ஆகவே பாட்டைப் பிழிந்து சத்தமாக்குவதில் ஒரு லாபமும் இல்லை. ஸ்பாட்டிஃபையில் ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாட்டுக்குப் பாட்டு இருக்கும் ஏற்ற இறக்கத்தை அது காப்பாற்றவும் செய்கிறது. உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்தினால் போதும்.

கோப்புகளைப் பத்திரப்படுத்துவதில் சோம்பல் வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு 8.6 எம்பிதான். முழு ஆல்பமும் சாதாரண டிரைவில் அடங்கும். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே தொடங்கும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, இரண்டு டிரைவில், இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். இன்றைய மென்பொருள் பின்னொரு நாள் திறக்காமல் போனாலும் வேவ் திறக்கும். எந்த மைக், எவ்வளவு தூரம், மெத்தை எங்கே என்ற குறிப்பையும் அதே கோப்புறைக்குள் போட்டுவிடுங்கள்.

வெளியீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. மெட்டு யாருடையது, வரிகள் யாருடையவை, எந்தப் பங்கு யாருக்கு என்பதை எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். சிங்கப்பூரில் பாடல் உரிமையைக் கவனிக்கும் காம்பஸ் அமைப்பில் ஒவ்வொரு பாட்டையும் பதியும்போது இந்தப் பங்கு விவரம் கேட்கப்படும். வானொலியில் ஒலிபரப்பானால் வரும் தொகை அதன்படிதான் பிரியும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1000 முறை கேட்கப்பட்டால்தான் ஒலிப்பதிவுக்கான தொகை கணக்கில் வரும். நம் மாதிரி குழுவுக்குப் பெரிய பணம் எதிர்பார்ப்பதற்கில்லை. இருந்தாலும் தம்பி டிரம்ஸ் மட்டும்தான் வாசித்தான் என்று பார்க்காமல் எல்லாப் பாட்டிலும் நான்கு சமப் பங்கு போட்டோம். குரல் நிற்க இடம்விட்டு வாசித்தது அவன், பாட்டு இந்த வடிவத்துக்கு வந்ததில் அவனுக்கும் சம உரிமை உண்டு.